கலியாண வீட்டுக் கிளாசில் என்ன வார்ப்பது?

இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் கலியாணம் எப்படி நடக்கும் என்பதை இவ்வேட்டை வாசிப்போருக்கு விளக்க வேண்டியதில்லை. இரவல் வளவு, தறப்பாள் பந்தல், வாடகைக் கதிரைகள், அயலவரிடம் வாங்கிய கிடாரங்கள். எனினும் எத்தனை குறை இருந்தாலும் இரண்டு விடயங்கள் மாத்திரம் தவறுவதில்லை. பந்தலின் முன்பக்கம் சிவப்பிலும் பச்சையிலும் இனிப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுப்பார்கள். பின்பக்கம், வேலியோரம், கறுப்புப் பைக்குள் சாராயப் போத்தல்கள் இருக்கும். பெண்ணின் தகப்பன் கடன்பட்டு வாங்கிய பொருட்களில் அந்தப் பையே பல வேளைகளில் விலை கூடியதாய் இருக்கும்.

அத்தகைய ஒரு பந்தலில், குடியை விட்டு எட்டு மாதமாகியிருந்த ஒரு விவசாயி எனக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தார். கையில் சிவப்புத் தண்ணீர்க் கிளாஸ். இரண்டு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. "சுவாமி, இதைக் குடிச்சா வாயெல்லாம் சீனியாக் கிடக்கு. பிள்ளையளோட பிள்ளையா நிக்கிறன். அங்கால என்ர கூட்டாளிமார் எல்லாம் நிக்கினம்" என்றார். அவரைப் பின்பக்கம் இழுத்ததில் சாராயத்தின் ஆசைக்கு ஒரு பங்கு உண்டு. முன்பக்கத்தில் வளர்ந்த ஒரு மனிதன் கையில் வைத்து, மெதுவாகக் குடித்து, கதைத்துக்கொண்டிருக்கத் தக்க பானம் எதுவும் இல்லாமற் போனதற்கும் ஒரு பங்கு உண்டு. அந்த இரண்டாவது பங்கை நாம் ஒரு தேசிக்காய்க் கூடையோடும் ஒரு கிலோ இஞ்சியோடும் சரிசெய்யலாம். அது எப்படி என்பதையே இக்கட்டுரை கூறுகிறது.

ஐந்தில் ஒன்றை எடுத்தால்

நகரத்து விடுதிகளில் பல பொருட்களைச் சேர்த்துக் கலக்கும் மதுபானத்தைக் கொக்டெய்ல் என்பார்கள். அதற்கு மூத்த பானம் ஒன்று உண்டு. அதன் பெயர் பஞ்ச். 17ஆம் நூற்றாண்டில் இந்தியக் கடலோரங்களுக்கு வந்த ஆங்கில மாலுமிகளும் வணிகரும் அதைக் குடிக்கப் பழகி, தம் நாட்டுக்கும் கொண்டுபோனார்கள். சாராயம், தேசிக்காய், சீனி, தண்ணீர், வாசனைத் திரவியம் என ஐந்து பொருட்கள் சேர்ந்ததால் நம் 'பஞ்ச' என்ற சொல்லே அதற்குப் பெயராயிற்று என்று பலரும் கருதுவர். ஐந்தில் ஒன்றைத் தள்ளிவிட்டால் மிகுதி நான்கும் எமது அடுப்படியில் இருக்கும் பொருட்களே.

ஆனால் தள்ளிய ஒன்றின் இடத்தைச் சும்மா விட்டுவிடக் கூடாது. இங்கேதான் பெரும்பாலானோர் பிழை விடுகின்றனர். மதுசாரம் பானத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது. தொண்டையைச் சற்று எரிக்கிறது. எரிவதால் ஒருவர் மடமடவென்று குடிக்காமல் மிடறு மிடறாகக் குடிக்கிறார். மணப் பொருட்களைக் கரைத்து மூக்குக்குக் கொண்டுவருகிறது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சீனியைக் கூட்டினால், கிடைப்பது சிறுபிள்ளைக்குரிய பானம். எரிவுக்கு இஞ்சியும் மிளகும் இருக்கின்றன. மெதுவாகக் குடிக்க வைப்பதற்குக் கைப்பும் துவர்ப்பும் வேண்டும். சாயம் கூடிய தேயிலைத் தண்ணீர் அதைத் தரும். மணத்துக்குத் தேசிக்காய்த் தோல், கறுவா, ஏலக்காய், நன்னாரி வேர். இவற்றோடு எமது பெண்கள் கறிக்கு மறக்காமல் போட்டு, பானத்துக்கு மாத்திரம் மறந்துவிடும் ஒன்று உண்டு. அது உப்பு. ஒரு லீற்றர் பானத்துக்கு ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் உப்புத் தெரியாது. புளிப்பும் இனிப்பும் ஒன்றோடொன்று பொருந்திவிடும்.

தண்ணீரும் பாத்திரமும்

தண்ணீரை முதல்நாளே கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். நூறு பேர் குடிக்கும் பானத்தில் கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாக ஊற்றுவது பெரிய ஆபத்து. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் சுண்ணாம்புக்கல் நிலமுள்ள பிற இடங்களிலும் கொதிக்க வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. அந்தக் கிணறுகளின் தண்ணீர் வன்தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து தேசிக்காய்ப் புளிப்பின் ஒரு பகுதியை முறித்துவிடும். தேத்தண்ணியின் நிறத்தையும் மங்கவைக்கும். கொதிக்கும்போது அதில் ஒரு பகுதி வெள்ளைப் படிவாகக் கேத்தலின் அடியில் இறங்கிவிடுகிறது. தண்ணீரை அசையாமல் ஆறவிட்டு மேலாக வடித்து எடுங்கள். அடியை ஊற்றிவிடுங்கள்.

புளிப்பான எதையும் இரும்பிலோ அலுமினியத்திலோ வைக்க வேண்டாம். நெல்லிக்காயை இரும்புச் சட்டியில் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாறு மை போலக் கறுத்துவிடும். நெல்லியின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. எவர்சில்வர், கண்ணாடி, எனாமல், மண்சட்டி ஆகியன நல்லவை. மருந்தோ பூச்சிநாசினியோ எண்ணெயோ இருந்த பிளாஸ்ரிக் கலன்களை எத்தனை தரம் கழுவினாலும் இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. தோட்டக்காரர் வீடுகளில் இக்கலன்கள் நிறைய இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியுள்ளது.

தேசிக்காயும் அதன் தோலும்

சாற்றைப் பிழிந்துவிட்டுத் தோலை எறிவது தேசிக்காயில் பாதியை எறிவதற்குச் சமம். மணமெல்லாம் பச்சைத் தோலில் உள்ள எண்ணெயில்தான் இருக்கிறது. பிழிவதற்கு முன் காயைக் கழுவித் துடைத்து, கூரிய கத்தியால் மேல் தோலை மாத்திரம் மெல்லியதாகச் சீவுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி வரக்கூடாது, அது கைக்கும். சீவிய தோலைச் சீனியோடு சேர்த்து அகப்பைக் காம்பால் இடித்துப் பிசைந்து, மூடி, மூன்று நான்கு மணித்தியாலம் வையுங்கள். சீனி ஈரமாகி, தோலின் எண்ணெயை உறிஞ்சிவிடும். பிறகு கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுக் கரைத்து வடித்தால் கிடைக்கும் பாகின் மணம் எந்தக் கடைப் போத்தலிலும் வராது. மேற்கு நாடுகளில் பஞ்ச் கலப்பவர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை இது. செலவு எதுவும் இல்லை, பொறுமை மாத்திரம் தேவை.

காயைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டிய பின் வெட்டினால் சாறு கூடுதலாக வரும். அளவுக்கு மிஞ்சி நசுக்க வேண்டாம். விதையும் வெள்ளைத் தோலும் நசுங்கினால் சாறு நேரம் போகப் போகக் கைக்கத் தொடங்கும். இதே காரணத்தால் முதல்நாள் பிழிந்த சாறு அடுத்த நாளுக்கு உதவாது. பிழிவது அன்று காலையில்தான். இன்னுமொன்று: நிறையத் தேசிக்காய் பிழிந்த கையோடு வெயிலில் வேலை செய்ய வேண்டாம். தேசிக்காய்த் தோலின் எண்ணெய் கையில் இருக்க வெயில் பட்டால், சிலருக்கு நெருப்புச் சுட்டது போலக் கொப்பளம் போட்டுக் கறுத்துவிடும். சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவிய பிறகே பந்தலுக்கு வெளியே போங்கள்.

தேசிக்காய் விலையேறிய காலத்தில் பழப்புளி கைகொடுக்கும். நெல்லியும் கொடுக்கும். நெல்லிரசம் என்றதும் பலருக்கு வலிகாமம் தோலகட்டி ஆச்சிரமத்தின் நெல்லிரசமே நினைவுக்கு வரும். வீட்டிலும் செய்யலாம். ஒரு கிலோ நெல்லிக்காயைப் பத்து நிமிடம் ஆவியில் அவித்தால் சுளை சுளையாகக் கழன்றுவிடும். கொட்டையை நீக்கி, அரைத்து, அரை லீற்றர் கொதித்தாறிய தண்ணீர் சேர்த்துத் துணியில் பிழிந்து, ஒன்றேகால் கிலோ சீனியோடும் ஒரு துண்டு இஞ்சியோடும் மெல்லிய நெருப்பில் காய்ச்சி, அவித்தெடுத்த போத்தலில் சூட்டோடு அடையுங்கள். குடிக்கும்போது ஒரு பங்குக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு தண்ணீர். நெல்லியின் துவர்ப்பு, இனிப்பை அடக்கி, நாவில் நெடுநேரம் நிற்கும். பெரியவர்களின் பானத்துக்கு இதைவிட நல்ல அத்திவாரம் எமது நிலத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

எரிவு, கைப்பு, மணம்

பச்சை இஞ்சியின் எரிவு ஒருவிதம், வேர்க்கொம்பின் எரிவு வேறுவிதம். இஞ்சி காயும்போது அதன் காரச் சத்து மாறி இன்னும் கடுமையாகிறது. ஆகவே வேர்க்கொம்பைக் குறைவாகப் போடுங்கள். பச்சை இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால் மணமும் எரிவும் சேர்ந்து வரும். மிளகைத் தூளாக்காமல் இரண்டாக உடைத்துப் போட்டு வடித்துவிடுங்கள். தூள் அடியில் தங்கிக் கடைசி மிடற்றைக் கெடுக்கும். ஒரு பச்சை மிளகாயை நெடுக்காகக் கீறி, பானத்தில் பத்து நிமிடம் மாத்திரம் போட்டு எடுத்துவிடலாம். குடிப்பவருக்கு மிளகாய் என்று தெரியாது, உதட்டில் சூடு மாத்திரம் தெரியும்.

கைப்புக்குத் தேயிலை. ஒரு லீற்றர் கொதிநீருக்கு ஐந்து தேக்கரண்டி தேயிலை போட்டு ஐந்து நிமிடத்தில் வடியுங்கள். அதற்கு மேல் ஊறினால் வாய் இழுக்கும். கடுஞ்சாயத் தேத்தண்ணி குளிர்ந்ததும் கலங்கித் தெரிவது உண்டு. பழுதாகிவிட்டது என்று ஊற்றிவிட வேண்டாம், கொஞ்சம் சுடுதண்ணீர் சேர்த்தால் தெளியும். தேசிச்சாறு விட்டதும் நிறம் வெளிறுவதும் இயல்பே. ஆவரசம்பூவைக் காயவைத்து அவித்த தண்ணீரும் நல்ல நிறமும் மெல்லிய கைப்பும் தரும். நன்னாரி வேரைத் தட்டி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். நெடுநேரம் கொதித்தால் அதன் மணம் பறந்துவிடும்.

இனிப்பின் அளவு

சீனியை அப்படியே கொட்டிக் கலக்காமல் பாகாக்கி வைத்துக்கொண்டால் அளவு கைக்குள் நிற்கும். ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு நிறையுள்ள சீனி என்றால் பாகு இலகுவில் பழுதாகாது. சீனி அவ்வளவு செறிவாக இருக்கும்போது நொதியங்கள் பெருக இயலாது. தண்ணீர் கூடிய பாகை இரண்டொரு நாளில் முடித்துவிட வேண்டும்.

நான் சொல்லும் அளவு, ஒரு லீற்றர் பானத்துக்கு 80 கிராம் சீனி. 150 மில்லிலீற்றர் கிளாசில் அது 12 கிராம், அதாவது மட்டமாக வழித்த மூன்று தேக்கரண்டி. இதுவும் குறைந்த அளவென்று சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒருவர் நாளொன்றுக்குச் சேர்க்கும் சீனி சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் மிகவும் நல்லது. எமது மக்கள் காலைத் தேத்தண்ணியிலேயே அதில் பாதியைத் தாண்டிவிடுகிறார்கள். சலரோகம் உள்ளவர்களுக்கு இனிப்புச் சேர்க்காத மோரை வேறாக வையுங்கள். பனங்கட்டி சலரோகத்துக்குப் பாதகமில்லை என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியல்ல. பனங்கட்டியும் பெரும்பாலும் சீனியே. இரத்தத்தில் அதுவும் ஏறும். அதை விரும்புவதற்கு அதன் மணமும் கருகிய சுவையும் போதுமான காரணங்கள்.

நூறு பேருக்கான இஞ்சித் தேசிப் பானம்

ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்று கணக்கிட்டால் நூறு பேருக்கு 30 லீற்றர் வேண்டும். இதற்குத் தேசிக்காய் 120. நடுத்தரக் காயொன்றில் 15 மில்லிலீற்றர் சாறு என்று பார்த்தால் 1.8 லீற்றர் வரும். சீனி 2.4 கிலோ, இஞ்சி 1.2 கிலோ, கறுவா நான்கைந்து துண்டு, உடைத்த மிளகு இரண்டு மேசைக்கரண்டி, உப்பு மூன்று தேக்கரண்டி.

முதல்நாள் பின்னேரம் 40 தேசிக்காயின் மேல் தோலைச் சீவி ஒரு கிலோ சீனியோடு பிசைந்து வையுங்கள். இஞ்சியைக் கழுவி, தோலோடு இடித்து, கறுவாவும் மிளகும் சேர்த்து, ஏழு லீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் மூடிக் கொதிக்கவிட்டு வடியுங்கள். சூட்டோடேயே மிகுதிச் சீனியையும் தோல் ஊறிய சீனியையும் உப்பையும் கரைத்து மறுபடி வடித்தால் ஏறக்குறைய ஆறு லீற்றர் செறிவான சாறு கிடைக்கும். ஆறியதும் மூடி, வீட்டிலே மிகக் குளிரான மூலையில் வையுங்கள். அடுத்த நாள் காலை தேசிக்காய் பிழிந்து, பரிமாறுவதற்குச் சற்று முன் மூன்றையும் கலக்குங்கள்: செறிவுச் சாறு, தேசிச்சாறு, கொதித்தாறிய தண்ணீர் 22 லீற்றர். வசதியுள்ளவர்கள் தண்ணீரில் மூன்றிலொரு பங்கை வெறும் சோடாவாக மாற்றலாம். ஆனால் சோடாவைக் கிளாசில்தான் ஊற்ற வேண்டும், கிடாரத்தில் ஊற்றினால் வாயு போய்விடும்.

முன்பே ஒரு லீற்றர் அளவில் செய்து சுவை பாருங்கள். இஞ்சி இடத்துக்கிடம் மாறும், தேசிக்காயும் மாறும். குளிர்ந்த பிறகு இனிப்புக் குறைந்து தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். சூடாக இருக்கும்போது சரியாகத் தெரிவது, ஆறியதும் சற்றுச் சப்பென்று இருக்கும்.

வேறு நான்கு

தேயிலைப் பஞ்ச்: மேலே சொன்ன தேத்தண்ணி ஒரு லீற்றருக்குக் கறுவா ஒரு துண்டு, கராம்பு நான்கு, 80 கிராம் சீனிப் பாகு, தேசிச்சாறு 50 மில்லிலீற்றர், உப்பு ஒரு சிட்டிகை. கறுவாவையும் கராம்பையும் தேயிலையோடேயே ஊறவிடுங்கள். கிளாசில் ஒரு வளையம் தோடம்பழத் தோல் போட்டால், தூரத்தில் பார்ப்பவருக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. குடியை விட்டவர்களுக்கு இது சின்ன விடயமல்ல. ஏன் குடிக்கவில்லை என்ற கேள்வியை இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் விருப்பமில்லை.

பானகம் கோயில் வீதியிலும் தண்ணீர்ப் பந்தலிலும் நாம் அறிந்ததே. 50 கிராம் பழப்புளியைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டுக் கரைத்து, ஒரு லீற்றராக்கி, 100 கிராம் பனங்கட்டி, அரைத் தேக்கரண்டி வேர்க்கொம்புத் தூள், தட்டிய ஏலக்காய் மூன்று, உப்பு ஒரு சிட்டிகை சேர்த்து வடியுங்கள். பனங்கட்டியில் மண்ணும் தும்பும் இருக்கும் என்பதால் முதலில் அதைத் தனியே உருக்கி வடிப்பது நல்லது.

விளாம்பழத்தை உடைத்து, சதையைக் கொதித்தாறிய தண்ணீரில் பிசைந்து வடித்து, சர்க்கரையும் இரண்டாம் தேங்காய்ப் பாலும் உப்பும் சேர்த்தால் தடிப்பான பானம் ஒன்று வரும். தேங்காய்ப் பால் சேர்ந்ததும் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் குடித்து முடித்துவிட வேண்டும்; ஆகவே இது வீட்டுக்கு வரும் நாலு பேருக்கு ஏற்றது, பந்தலுக்கு ஏற்றதல்ல. வன்னியில் எருமைத் தயிர் கிடைக்கும் இடங்களில் மோரை நன்கு கடைந்து, இஞ்சி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை இடித்துப் போட்டு, தேசிப்புளி விட்டால் வெயில் நேரத்துக்கு அதற்கு மேல் ஒன்றில்லை.

எப்போது மதுவாகிறது?

குடியை விட்டவர் உள்ள வீட்டில் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். இனிப்பும் ஈரமும் சூடும் உள்ள இடத்தில் நொதியம் தானாகவே வந்து சேரும். வந்தால் சீனி மதுசாரமாகவும் வாயுவாகவும் மாறும். பனஞ்சாறே இதற்கு நல்ல உதாரணம். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி இறக்கினால் கருப்பணி. சுண்ணாம்பு அங்கே நொதியத்தை வளரவிடாது. பூசாமல் விட்டால் சில மணித்தியாலங்களிலேயே கள்ளாகத் தொடங்கிவிடும். ஒரே மரம், ஒரே பாளை.

வீட்டுப் பழச்சாறும் அப்படித்தான். மூடியைத் திறக்கும்போது சீறினால், மேலே நுரை கட்டினால், கள்ளின் மணம் வந்தால் ஊற்றிவிடுங்கள். ஈஸ்ற் போட்டுப் போத்தலில் அடைக்கும் இஞ்சிப் பியர் செய்முறை சில வீடுகளில் இருக்கிறது. அதில் குறைந்த அளவிலேனும் மதுசாரம் உண்டாகும். கண்ணாடிப் போத்தல் வெடித்துக் காயப்படுத்தவும் கூடும். மேலே சொன்ன கொதிக்க வைத்த இஞ்சிச் சாறும் வெறும் சோடாவும் அதே சுவையை ஆபத்தில்லாமல் தரும்.

ஐஸ் பற்றியும் ஒரு சொல். மீனுக்கு வைக்கும் ஐஸ் கட்டியை உடைத்துப் பானத்தில் போடுவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அது எந்தத் தண்ணீரில் செய்யப்பட்டது, எதன் மேல் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. ஐஸ் வாங்கினால் பெரிய பாத்திரத்தில் போட்டு, பானமுள்ள மூடிய கலனை அதற்குள் இறக்குங்கள். ஐஸ் இல்லாவிட்டால் மண்பானை. பானையைச் சுற்றி ஈரச்சாக்குக் கட்டி, காற்றுப் படும் நிழலில் மணலின் மேல் வையுங்கள்; ஈரம் காயும்போது சூட்டையும் எடுத்துச் செல்லும்.

வயிற்றோட்டம் உள்ள பிள்ளைக்கு இப்பானங்களைக் கொடுக்க வேண்டாம். கூடிய சீனி வயிற்றோட்டத்தை அதிகரிக்கும். அதற்கு ஜீவனிப் பொதி; அது கிடைக்கும்வரை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு மட்டமான ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும்.

காணி இல்லாதவர்களுக்கு

தேசியும் நெல்லியும் விளாவும் விட்டுவந்த வளவில் நின்றன, இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இஞ்சியை ஒரு வெற்று உரப்பையில் மண்ணும் எருவும் நிரப்பி அரை நிழலில் வைத்தால் எட்டு ஒன்பது மாதத்தில் கிளறலாம். சந்தையில் வாங்கிய புதினாவின் தண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். பழைய பேணி ஒன்றில் வளரும். துளசிக்கும் ரம்பைக்கும் கிணற்றடி ஈரம் போதும். பதியம் வைத்த தேசிக் கன்றொன்றைப் பெரிய பையில் வளர்த்தால், சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளில் அதையும் வண்டியில் ஏற்றலாம்.

பரிமாறும்போது

பிளாஸ்ரிக் கோப்பையில் ஊற்றினால் எத்தனை நல்ல பானமும் மலிவாகத் தெரியும். கண்ணாடிக் கிளாஸ் இரவல் வாங்குங்கள். அரைவாசிக்குச் சற்று மேல் ஊற்றி, ஒரு புதினா இலை அல்லது தேசித் துண்டு போட்டு, தட்டில் வைத்து, ஆண்கள் வந்து அமர்ந்த உடனேயே கொண்டுபோங்கள். அரை மணித்தியாலம் பிந்தினால் அவர்கள் வேலியோரம் போய்விடுவார்கள். கூடவே உறைப்பான கச்சானோ அவித்த கடலையோ வையுங்கள். உறைப்புத் தின்றவன் அடுத்த கிளாஸ் கேட்பான். கொண்டுபோகும் பிள்ளைகளுக்குப் பானத்தின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். "ஜூஸ் வேணுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். "இஞ்சி போட்டது, மாமா, கொஞ்சம் எரியும்" என்றால் கை நீளும்.

மேலே சொன்ன விவசாயியின் மகளின் கலியாணம் அடுத்த ஆண்டு நடந்தது. மனைவியும் அயல் பெண்களும் இஞ்சிப் பானமும் தேயிலைப் பஞ்சும் கலந்தார்கள். பின்பக்கம் யாரும் போகவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும், போனார்கள். ஆனால் அவர் தம் கூட்டாளிமார் நால்வரோடு பந்தலின் முன்வரிசையில் இருந்தார். மூன்றாவது கிளாஸ் கேட்டு ஒரு பொடியனைக் குசினிக்கு அனுப்பியதை நான் கண்டேன்.

கடைசியாகப் பெண்களுக்கு ஒரு வேலை. பிழிந்த தேசிக்காய்களில் தோல் சீவாத எண்பதின் கோதுகள் மிஞ்சும். அவற்றை உப்பிட்டு நான்கைந்து நாள் வெயிலில் காயவைத்து, செத்தல் மிளகாய்த் தூளும் மிஞ்சிய தேசிச்சாறும் சேர்த்துப் போத்தலில் அடைத்தால், மாதக்கணக்கில் சோற்றோடு தொட்டுக்கொள்ள ஊறுகாய் ஆயிற்று.